உறை போட்ட புத்தகம்

போன மாத வாசிப்பு வட்டத்துக்கு நாங்கள் எடுத்த புத்தகம் ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’. 1994இல் ஆங்கிலத்தில் வந்த நாவல். ஆறு கதைகளாகப் பிரிந்திருந்தாலும் குடும்பம் ஒன்றுதான்: கொழும்பில் வசதியாக வாழும் தமிழ்க் குடும்பம். கதையைச் சொல்லுறவன் அந்த வீட்டுப் பெடியன் ஆர்ஜி.

ஒன்பது பேர் வந்திருந்தோம். முதல் ஒரு மணித்தியாலம் கதை நல்லாப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது ரயிலில் தாக்கப்படும் ராதா அன்ரி, 83 ஜூலையில் காரோடு எரிக்கப்படும் தாத்தாவும் பாட்டியும், கடைசியில் கனடாவுக்குப் போகும் குடும்பம். ஆளாளுக்குத் தங்கட வீடுகளில் கேட்ட 83 கதைகளையும் சொன்னோம்.

பிறகு, ஆர்ஜியும் அவனோடு படிக்கும் ஷெஹானும் கராஜுக்குள் நெருங்கும் இடத்துக்கு வந்தோம். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கடைசியில் ஒருவர், “மொழிநடை நல்லா இருந்தது” என்றார். எல்லாரும் சிரித்தோம். பிளேன்ரீ வந்தது.

யோசித்துப் பார்த்தால், நாவலில் அந்தக் குடும்பம் செய்வதும் இதைத்தான். சின்ன வயசில் ஆர்ஜி பெண்பிள்ளைகளோடு சேர்ந்து மணமகள் விளையாட்டு விளையாடுகிறான். சேலை உடுத்த கோலத்தில் அவனைப் பெரியாக்களுக்கு முன்னால் இழுத்து வருகிறார்கள். ஒரு மாமா அவனை ‘ஃபன்னி’ என்று பகிடி பண்ணுகிறார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தரும் அவனுக்கு விளங்கப்படுத்துவதில்லை. அன்றிலிருந்து அம்மா சேலை உடுப்பதைப் பார்க்க அவனுக்கு அனுமதியில்லை. அப்பா பிறகு அவனை ‘ஆம்பிளை’ ஆக்கவென்றே பள்ளிக்கூடம் மாத்துகிறார்.

தமிழில் இதுக்கு என்ன சொல் என்று ஒரு தங்கச்சி கேட்டா. ‘தன்பாலீர்ப்பு’ என்று ஒருவர் சொன்னார். “அது கட்டுரையில எழுதுற சொல். நாங்கள் கதைக்கேக்க என்ன சொல்லுவம்?” என்றா அவ. எங்களுக்கு ஞாபகம் வந்த எல்லாமே வசவுகள். ரியூசன் வாசலில், கிரிக்கெட் மைதானத்தில் நாங்களே சொல்லிச் சிரித்தவை.

அப்போதுதான் அவர் கதைத்தார். வந்ததிலிருந்து பேசாமல் இருந்தவர். அவருடைய புத்தகத்துக்குப் பழைய வினாத்தாளால் உறை போட்டிருந்தது. அதைப் பார்த்து, ஓ.எல் பாடப்புத்தகமோ என்று வந்தவுடனேயே பகிடி பண்ணியிருந்தோம்.

“எங்கட வீட்டில என்னைச் சொல்லவும் ஒரு சொல் இருக்கு,” என்றார். “நான் அறைக்குள்ள வந்தா அந்தச் சொல் நிண்டுடும்.”

அது என்ன சொல் என்று நாங்கள் கேட்கேல்லை. அவரும் சொல்லேல்லை.

ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவு, பிரித்தானியர் காலத்து 1883 தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளது. நாவல் வந்த அடுத்த வருசம், 1995இல், அதைத் திருத்தினார்கள். நீக்கவில்லை, பெண்களுக்கும் பொருந்துமாறு விரித்தார்கள். இதை அன்று கூட்டத்தில் சொல்ல ஒருவர் குறிப்பெடுத்து வந்திருந்தார். ஆனால் அவர் கதைத்த பிறகு, சட்டத்தை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரேல்லை. அந்த உறையைப் பார்த்துச் சிரித்தது சட்டமில்லை, நாங்கள்.

83ஐப் பற்றிக் கதைக்கவும் எங்கட வீடுகளுக்குக் கனகாலம் எடுத்தது. முதலில் குசுகுசுத்தார்கள், பிறகு சாப்பாட்டு மேசையில் சொன்னார்கள், இப்ப நாங்கள் வட்டமாக இருந்து கதைக்கிறோம். ஆர்ஜியின் மற்றக் கதை இன்னும் குசுகுசுப்பிலேயே நிற்கிறது.

அடுத்த கூட்டத்திலும் இதே புத்தகம்தான். கராஜிலிருந்து தொடங்குவோம்.