நேரில் இருந்தவர்

அரபு மதரஸாவில் சேரும் மாணவன் முதலில் ஓதுவது 'ஸர்ஃபு'. 'அவன் செய்தான்' என்று தொடங்கி ஒரு வினைச்சொல்லின் பதினான்கு வடிவங்களையும் மனனம் செய்ய வேண்டும். என் வாழ்நாளின் பெரும்பகுதி இதைக் கற்பிப்பதிலேயே கழிந்திருக்கிறது. தமிழில் நாம் படர்க்கை என்பதை அரபு இலக்கணிகள் 'காயிப்' என்பர். எதிரில் இல்லாதவர் என்பது அதன் பொருள். 'காயிப் ஜனாஸா' என்னும் வழக்கால் நம் இல்லங்களில் எல்லோரும் அறிந்த சொல்தான். அதன் எதிர்ச்சொல் 'ஷாஹித்', அதாவது நேரில் இருப்பவர். சாட்சிக்கும் அதுவே பெயர். உயிர்த்தியாகியைக் குறிக்கும் 'ஷஹீத்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்தது.

இச்சொற்களின் ஆழத்தை எனக்கு மீண்டும் உணர்த்தியது, ரஷ்ய மொழியில் இயற்றப்பெற்ற ஓர் இசை நாடகம். அதன் பெயர் 'பயணி'. மதரஸாவில் ஓதியவனுக்கும் ஐரோப்பிய ஓபராவுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வியக்கக்கூடும். இசை நுணுக்கம் என் துறையன்று. உரையாடலின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லைப் பின்தொடர்ந்தே அதன் ஒலிப்பதிவைக் கேட்டேன்.

மூலக்கதை ஒரு போலிஷ் நாவல். அதை எழுதிய ஸோஃபியா போஸ்மிஷ், 1942இல், தமது பதினெட்டாம் வயதில், நாஜிகளால் கைது செய்யப்பட்டு ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைக்கப்பட்டவர். அங்கே அவருக்குப் பெயரில்லை. 7566 என்ற எண்தான். விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் சென்றபின், பாரிஸ் நகரச் சதுக்கம் ஒன்றில், கூட்டத்திடையே ஒரு ஜெர்மானியப் பெண்ணின் குரல் கேட்டது. முகாமில் தம்மை மேற்பார்த்த காவல்காரியின் குரலோ என்று திகைத்துப் போனார். அவளல்லள். எனினும் அத்திகைப்பு அவரை விடவில்லை. முதலில் வானொலி நாடகமாகவும், பின்னர் 1962இல் நாவலாகவும் அது உருப்பெற்றது.

இங்கேதான் அவருடைய பெருந்தன்மையைக் காண்கிறோம். பாரிஸில் நடந்ததை அவர் தலைகீழாக்கினார். கதையில் திகைப்பவள் கைதியல்லள், காவல்காரி. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின், தூதரக அதிகாரியான கணவனோடு பிரேசிலுக்குக் கப்பலேறும் லிசா, தான் அடக்கியாண்ட மார்த்தாவைப் போன்ற ஒரு பயணியைக் காண்கிறாள். கணவனிடம் பழைய கதையைச் சொல்கிறாள். சொல்லும்போதே தன்னை நியாயப்படுத்திக் கொள்கிறாள். கணவனுக்கோ தன் பதவி பற்றிய கவலை. துன்புற்றவர் தம்மைத் துன்புறுத்தியவளின் நெஞ்சுக்குள் புகுந்து எழுதுகிறார். அவளைப் பேயாக்கவுமில்லை, மன்னித்துவிடவுமில்லை. பகைமை காரணமாக நீதி தவறலாகாது என்று நாம் ஓதியிருக்கிறோம். ஓதுவது எளிது!

இதற்கு இசையமைத்த மியெச்சிஸ்லாவ் வைன்பெர்க், வார்ஸாவில் பிறந்த யூதர். 1939இல் ஜெர்மானியப் படை வந்தபோது, இருபது வயதைக்கூட எட்டாத அவர், கால்நடையாகக் கிழக்கே தப்பிச் சென்றார். உடன் புறப்பட்ட தங்கை, காலணி காலைக் கடித்ததால் பெற்றோரிடமே திரும்பிவிட்டாள். பெற்றோரும் தங்கையும் கொல்லப்பட்டனர். தஞ்சம் புகுந்த சோவியத் நாட்டிலும் 1953இல் சிறைப்பட்டார். ஸ்டாலின் இறந்தபின்னரே விடுதலை கிடைத்தது.

அவரது நாடகத்தில் கப்பலின் நடன இசையும் முகாமின் ஓலமும் மாறி மாறி வருகின்றன. ஒரு காட்சியில் யிவெட் என்னும் பிரெஞ்சுக் கைதி, சக கைதிக்குத் தன் மொழியைக் கற்பிக்கிறாள். பாடம் 'வாழ்' என்னும் வினை. நான் வாழ்கிறேன், நீ வாழ்கிறாய் என்று வாய்பாடு நீள்கிறது. சாவின் வாசலில் ஒரு ஸர்ஃபுப் பாடம்! அதைக் கேட்டபின் வகுப்பில் வாய்பாட்டை வெறும் வாய்பாடாக என்னால் ஓதுவிக்க இயலவில்லை. மார்த்தாவின் காதலன் ததேயுஷ், முகாம் தலைவன் விரும்பிய நடன இசையை வயலினில் வாசிக்கப் பணிக்கப்படுகிறான். அவனோ ஜெர்மானிய மேதை பாக்கின் கம்பீரமான ஓர் இசையை வாசிக்கிறான். வயலின் நொறுக்கப்படுகிறது, அவன் இழுத்துச் செல்லப்படுகிறான். அவன் ஷஹீத், எஞ்சியிருந்து இறந்தோரை மறவாமல் பாடும் மார்த்தா ஷாஹித்.

1968இல் எழுதி முடிக்கப்பெற்ற இந்நாடகம், மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் நடைபெற இருந்தும் நடைபெறவில்லை. தமது தலைசிறந்த படைப்பாக இதைக் கருதிய வைன்பெர்க், ஒருமுறையும் இதை அரங்கில் கேளாமலே 1996இல் மறைந்தார். 2006இல் மாஸ்கோவில் மேடை நடிப்பின்றிப் பாடப்பட்டது. 2010இல் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரில் முதன்முறையாக நடிக்கப்பட்டபோது, போஸ்மிஷ் எண்பத்தாறு வயதில் அங்கே வந்திருந்தார். 2022இல் அவரும் மறைந்தார்.

நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நம்மவர் துயரங்கள் எத்தனையோ கிடக்க, அவர்கள் துயரத்தை நீங்கள் ஏன் சுமக்கிறீர்கள், ஹஜ்ரத்?"

சாட்சியம் இனம் பார்த்துச் சொல்லப்படுவதன்று என்றேன். பெற்றோருக்கு எதிராயினும் உண்மை சொல்லப் பணிக்கப்பட்டவர்கள் நாம். அயலார் மீது நிகழ்ந்த அநீதியைக் கேட்கவும் மனமில்லாதவன், தன்னவர் மீது நிகழ்ந்ததை உலகம் கேட்கவேண்டும் என்று எந்த முகத்தோடு கோருவான்? நேரில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இனி, இல்லாதவர்க்காகப் பேசும் கடன் கேட்டவர்களைச் சேர்ந்தது.