லோடு

எங்க அப்பா மார்க்கெட்டில் லோடுமேன். இருபது வருஷமாக மூட்டை தூக்குகிறார். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டில் 'லோடு டெஸ்ட்' செய்கிறேன் என்று வீட்டில் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... "எனக்குத் தெரியாத லோடாப்பா?" என்றார்.

எங்கள் புராஜெக்ட், ரிசல்ட் பார்க்கும் வலைத்தளம். ரிசல்ட் அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் மொய்த்தால் தாங்குமா? அதைச் சோதிக்க ஜேமீட்டர் என்ற இலவச மென்பொருள் 1998 முதல் இருக்கிறது. அதில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டைமரில் நான் 10 என்று போட்டேன். விநாடிக்குப் பத்து என்ற நினைப்பு! அது நிமிஷக் கணக்காம். அரை மணி நேரம் லேபில் ஈ ஓட்டினோம். அது போகட்டும்.

600 என்று திருத்தியதும்தான் வினை. பத்துக்கு ஒன்பது கோரிக்கை 503 என்று திரும்பி வந்தது. டேட்டாபேஸ் வேலை என் நண்பனுடையது. "உன் கொயரிதான்டா ஸ்லோ" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பாவம், இரண்டு ராத்திரி கண்விழித்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினான். மறுபடி ஓட்டினால் அதே ஒன்பது!

அப்பவே யோசித்திருக்க வேண்டும். கொயரி ஸ்லோ என்றால் பதில் தாமதமாக அல்லவா வரும்? எங்களுக்கோ கண் இமைப்பதற்குள் 503. வேகத்தை 1200 ஆக்கினாலும், 300 ஆகக் குறைத்தாலும், தேறியது நிமிஷத்துக்கு ஏறக்குறைய அறுபதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் புலம்பினேன். "நிமிஷத்துக்கு அறுநூறா? எல்லாத்தையும் ஒரே ஆளா தூக்குறான்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் சர்வரின் வாசலில் நிற்பது என்ஜின்எக்ஸ். அதன் கான்ஃபிக் ஃபைலை எங்கிருந்தோ அப்படியே காப்பியடித்துப் போட்டவன் நான். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள். தெரியாது என்று சொல்ல வெட்கம். ஓர் ஐ.பி. முகவரிக்கு விநாடிக்கு ஒன்றுதான் என்று அதில் ஒரு வரி. அறுநூறும் போனது லேபின் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து! திங்கட்கிழமை எர்ரர் லாகைத் திறந்தால், 'லிமிட்டிங் ரிக்வெஸ்ட்ஸ்' என்று பக்கம் பக்கமாக. அதுவரை அதை ஒருவரும் திறந்ததே இல்லை.

வரியையே தூக்கிவிடலாம் என்றான் ஒருவன். வேண்டாம், எவனாவது விளையாடினால் சர்வர் படுத்துவிடும். ஆனால் ஹாஸ்டல் முழுக்க ஒரே வை-ஃபை, வெளியே தெரிவது ஒரே முகவரி. ரிசல்ட் அன்று அத்தனை பேரும் வாசலிலேயே நின்றிருப்பார்கள்! விநாடிக்கு 20 ஆக்கி, கொஞ்சம் கோரிக்கைகள் வரிசையில் காத்திருக்க இடமும் விட்டோம். மறுக்கும்போது 503-க்குப் பதில் 429 வரச் செய்தோம். 'கோரிக்கை அதிகம்' என்று சொல்லவே 2012-இல் வகுத்த எண் அது. முதலிலேயே அது வந்திருந்தால் நான் அவனைச் சொல்லியிருக்க மாட்டேன்.

தப்பு என்னுடையது என்று அவனிடம் சொன்னேன். எல்லார் முன்னாலும்தான். பதிலே பேசவில்லை. "உன் பழைய கொயரியையே போட்டுக்கலாம்டா" என்றேன்.

"புதுசு நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்" என்றான்.