பேட்டரியைக் கேட்டார்கள், கண்ணாடியைக் கேட்கவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். துணைவியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனபிறகு பஸ் படி ஏற முடியவில்லை. அவருடைய அம்மாவுக்கு 86 வயது. வேடசந்தூர் தாண்டி ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மகள் முகத்தைப் பார்த்தால்தான் அவருக்கு அந்த வாரம் ஓடும். திண்டுக்கல்லில் இருந்து அந்த ஒரு பயணத்துக்காகவே வாங்கிய வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். அதிகம் விற்காத மாடல். எங்கள் ஊரில் இதே வண்டி இன்னொன்றைப் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "சார், பேட்டரி போனா என்ன பண்ணுவீங்க?" அதற்குப் பதிலை மனப்பாடமாக வைத்திருந்தேன். கண்ணாடி உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாங்கும்போது நானும் கேட்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் கரூர் சாலையில் முன்னால் போன டிப்பரில் இருந்து ஒரு ஜல்லிக்கல் தெறித்தது. இன்ஜின் சத்தம் இல்லாத வண்டி அல்லவா, 'டிக்' என்ற ஓசை நன்றாகவே கேட்டது. முன் கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. மறுநாள் கண்ணாடிக் கடையில் காட்டினேன். கடைத் தம்பி சொன்னார், "சார், இப்பவே ரெசின் ஏத்திடலாம். 800 ரூபாய். விட்டா ஓட ஆரம்பிச்சிடும்." அந்தப் பசையைப் புள்ளிக்குள் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பார்களாம். அரை மணி நேர வேலை. "அடுத்த வாரம் வர்றேன் தம்பி" என்று வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் அன்றைய பாடத்தை அன்றே படி என்று சொன்னவன் நான்.

மே மாதம், அக்னி நட்சத்திரம். வெயிலில் நின்ற வண்டியில் ஏறி ஏசியை முழுவேகத்தில் வைத்தேன். வெளியே கொதிக்கும் கண்ணாடி, உள்ளே குளிர்காற்று. கண்ணெதிரே அந்தப் புள்ளியில் இருந்து ஒரு கோடு கிளம்பி, ஓட்டுநர் பக்கம் வரை ஒரு முழம் ஓடியது. துணைவியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இடிந்து விழாததற்குக் காரணம் உண்டு. கார் முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். 1903இல் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்து, உடைந்தும் சிதறாமல் கிடந்ததாகச் சொல்வார்கள். உள்ளே காய்ந்திருந்த ரசாயனப் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொண்டது. அதில் பிறந்த யோசனைதான் இது. பக்கக் கண்ணாடிகள் வேறு வகை. உடைந்தால் கல்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும்.

மறுபடி அதே கடை. கடைத் தம்பி என்னைக் குத்திக்காட்டவில்லை. "இவ்வளவு நீளத்துக்கு ரெசின் நிக்காது சார், மாத்தணும்" என்றார். வேறு கார் கண்ணாடியைப் போட முடியாதா என்றேன். "தட்டைக் கண்ணாடின்னா அளவெடுத்து வெட்டிடுவேன். இது வளைவு. அந்த அச்சுல வந்ததுதான் உக்காரும்." சென்னை, கோவை, பெங்களூர் என்று போன் போட்டார். எங்கும் இல்லை. கம்பெனி சர்வீஸில் பதிவு செய்தால் 'ஆர்டர் போட்டிருக்கிறோம்' என்பதே பதில்.

இப்படியே 47 நாள். பேட்டரி முழுச் சார்ஜில், மோட்டார் நல்ல நிலையில், வண்டி மட்டும் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. விரிசல் பார்வையை மறைக்கும். மோதல் நேர்ந்தால் கூரையைத் தாங்குவதிலும் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. ஓட்ட மனம் வரவில்லை. இரண்டு ஞாயிறு வாடகைக் காரில் போனோம். பிறகு ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துத் துணைவியாரே "போன்ல பேசிக்கிறேங்க" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஞாயிறு காலையில் அம்மா வழக்கம்போலத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

கண்ணாடி வந்தது. பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, இறுகும்வரை அன்று முழுக்க வண்டியை எடுக்கக் கூடாது என்றார் தம்பி. அவர் என் பழைய மாணவர் என்று நினைப்பீர்கள். இல்லை. தன் தொழிலை ஒழுங்காகச் செய்கிற ஒருவர், அவ்வளவுதான்.

அனுபவத்தில் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

1. கண்ணாடியில் சிறு புள்ளி விழுந்தால் அந்த வாரமே சரிசெய்யுங்கள். அதுவரை ஒரு செல்லோடேப் ஒட்டித் தூசி, தண்ணீர் போகாமல் காத்துக்கொள்ளுங்கள்.

2. முழு இன்சூரன்ஸ் இருந்தால், வேலையைத் தொடங்கும் முன் அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50% கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. ஆனால் கிளைம் செய்தால், தனிப் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு நோ கிளைம் போனஸ் போய்விடும். கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

3. அபூர்வமான வண்டி வாங்குகிறவர்கள் பேட்டரியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். முன் கண்ணாடி, ஹெட்லைட், பம்பர் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள்.

போன ஞாயிறு போயிருந்தோம். மாமியார் வண்டி அருகே வந்து, புதுக் கண்ணாடியைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். "இதுக்காகவா மாப்பிள்ளை இத்தனை நாளு?" என்றார்.

ஆமாம் அத்தை. 800 ரூபாய் வேலையை அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டதற்காக.