உண்டும் உரம் பெறாத பிள்ளை



வயிறார உண்டும் உடல் தேறாத பிள்ளையைக் கண்டால், நம் ஊர்களில் மூன்று தீர்ப்புகள் உடனே பிறந்துவிடும்: கண்ணேறு, வயிற்றுப்பூச்சி, தாயின் கவனக்குறைவு. இம்மூன்றுமே பொய்யாய்ப் போகும் நோய் ஒன்று உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது அதன் பெயர்.

கோட்டுச்சேரிமேட்டில் வீடு சந்திக்கச் சென்றபோது ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “பெரியவங்க அளவுக்குச் சோறு திங்கிறான் சாமி, உடம்புல ஒண்ணும் ஒட்டல. எண்ணெய் மிதக்குறாப்போல நாலஞ்சு தடவ வெளிக்கிப் போறான். முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குது.” கடற்காற்றுப் பட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று பாட்டி சமாதானம் கூறினாராம். கடலோரத்தில் எல்லார் மேனியிலும் உப்பு உண்டு. ஆகவே நோயின் அடையாளமே அங்கு மறைந்துபோயிற்று. பின்னர் வியர்வைச் சோதனையில்தான் உண்மை வெளிப்பட்டது.

1938-இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்னும் பெண் மருத்துவர் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். உடலின் சுரப்புகள் பசைபோல் கெட்டியாகி, கணையத்தின் குழாய்களை அடைக்கின்றன. செரிமான நொதிகள் குடலை எட்டுவதில்லை. உண்ட கொழுப்பு செரிக்காமலே வெளியேற, ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதனோடு போய்விடுகின்றன. சில சிசுக்களுக்குப் பிறந்தவுடனேயே முதல் மலம் குடலை அடைத்துவிடும். வளர்ந்த பிள்ளைகளுக்கும் வலப்புற அடிவயிற்றில் வலியோடு அடைப்பு நேரலாம். நுரையீரலும் ஈரலும் இந்நோயினின்று தப்புவதில்லை.

1948-இல் நியூயார்க்கை வாட்டிய வெயிலில் இந்நோயுள்ள குழந்தைகள் பலர் சோர்ந்து விழுந்தனர். அவர்கள் வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுவதை 1953-இல் டி சான்ட் ஆக்னீஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். நம் சித்திரை வெயிலில் இத்தகைய பிள்ளைக்கு உப்பும் நீரும் உயிர்காக்கும் மருந்தாகும்.

நொதி மாத்திரைகளைச் சோறானாலும் பாலானாலும் ஒவ்வொரு முறையும் உணவோடு கொடுக்க வேண்டும். மென்று தின்ன விடலாகாது. சிறு குழந்தைக்கு உறையைத் திறந்து, குருணையைப் புளிப்புள்ள பழக்கூழில் கலந்து கொடுப்பர். மலம் சீரானதும் மருந்தை நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். அதிகம் கொடுத்தால் அதிகப் பலன் என்பதும் தவறு. மிக உயர்ந்த அளவில் உட்கொண்ட குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கியதை 1994-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். அதனால் உடல் எடைக்கேற்பவே அளவு குறிக்கப்படுகிறது.

மூல மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. அதன் கோளாற்றையே திருத்தும் மருந்துகள் 2012 முதல் வந்துள்ளன. மும்மருந்துக் கூட்டு 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவற்றால் உடல் எடை கூடுகிறது. இளங்குழந்தைகள் சிலருக்குக் கணையமே ஓரளவு மீள்கிறது. ஆயினும் இவை எல்லா மரபணுக் கோளாறுகளுக்கும் பொருந்துவதில்லை. ஈரலின் நிலையை அவ்வப்போது இரத்தச் சோதனையால் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். விலையோ எளிய குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. நொதியும் உப்பும் ஊட்டமான உணவும் நம் கைக்கு எட்டுவன. அவற்றைத் தவறாமல் கொடுப்பதே பெரும் பலன் தரும்.

இது வெள்ளையர் நோய் என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவியது. 1960-களிலேயே இந்தியக் குழந்தைகளிடம் இது காணப்பட்டது. ஆதலால் பிள்ளை தேறாவிடில், “வியர்வைச் சோதனை தேவையா?” என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் குறை ஒன்றுசேரும்போதே இந்நோய் பிறக்கிறது. அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாய்மாமன், அத்தை பிள்ளை என நெருங்கிய உறவில் மணம் முடிக்கையில் இவ்வாய்ப்புப் பெருகும். ஓலை வாசிக்குமுன் உறவுமுறையைக் குருக்கள் கேட்கிறோம். பரம்பரை நோயைப் பற்றி மருத்துவரிடம் குடும்பத்தாரும் கேட்டறிவது நன்று.

அறியாமல் இருவரும் கொடுத்த ஒன்றுக்குத் தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகுமா? மெலிந்த பிள்ளையைப் பெற்றவளிடம் குறை கூறுமுன், அவளோடு மருத்துவமனைக்குத் துணை செல்லுங்கள். அதுவே அயலாருக்கு நாம் செய்யும் மெய்யான உதவி.