என் கையெழுத்தில் இருந்த கணக்கு



என் அக்காவின் கணவர் எங்கள் ஊரில் ஒரு பேக்கரி நடத்தி வருகிறார். 14 பேர் அங்கு மாதச் சம்பளத்திற்கு வேலை செய்கின்றனர். மத்ரஸாவில் பாடம் நடத்தும் எனக்குக் கையெழுத்து சற்று அழகாக அமைந்துவிட்டதால், அந்தக் கடையின் சம்பள நோட்டை எழுதும் பொறுப்பு ஆறு ஆண்டுகளாக என்னிடமே இருந்தது. மாதக் கடைசியில் இஷாத் தொழுகை முடிந்ததும் சென்று அமர்வேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்து, பிடித்தம் போக மீதியை எழுதி, உறைகளில் பணத்தை வைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். ஒரு பிழையும் இல்லாமல் செய்துவருகிறேன் என்றே நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு மச்சானின் மகன் கணினியில் சம்பளம் போடும் மென்பொருள் ஒன்றை வாங்கி நிறுவினான். நோட்டில் உள்ளதை அதில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. வேலையில் சேர்ந்த தேதி, அடிப்படைச் சம்பளம், வார விடுமுறை, முன்பணம் என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு கேள்வியில் என் கை நின்றுவிட்டது. ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கிட மாதச் சம்பளத்தை எத்தனை நாட்களால் வகுக்க வேண்டும் என்று கேட்டது. எங்கள் நோட்டில் இதற்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. 15,600 ரூபாய் வாங்கும் ஒருவர் ஒரு நாள் வரவில்லையென்றால் 26-ஆல் வகுத்து 600 ரூபாய் பிடிப்போம். அதே மனிதர் பெருநாள் நெருக்கத்தில் தம் விடுமுறை நாளில் வந்து அடுப்பின் முன் நின்றால், 30-ஆல் வகுத்து 520 ரூபாய் கொடுப்போம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. மச்சானின் வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது. ஆனால் அந்த மென்பொருள் ஒரே ஓர் எண்ணைத்தான் ஏற்றுக்கொள்ளும்.

அம்ம ஜுஸுவில் 83-ஆவது அத்தியாயமான முதஃப்பிஃபீனைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கிறேன். தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றிய எச்சரிக்கை அது. விளக்கம் சொல்லும்போதெல்லாம் தராசையும் படியையும் எண்ணெய்க் கடையையும்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்திருக்கிறேன். 26-உம் 30-உம் ஒருபோதும் என் நினைவுக்கு வந்ததில்லை. மச்சானிடம் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “26-ன்னே போடுங்க மாப்ளே” என்றார். மிகைநேர வேலைக்கு இருமடங்கு வீதம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதைக் கணக்குத் தணிக்கையாளர் பின்னர் எடுத்துக் கூறியபோது, அதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

அடுத்து வந்தது முன்பணம். எங்கள் ரொட்டி மாஸ்டர் தம் மனைவியின் கண் அறுவைச் சிகிச்சைக்காக 18,000 ரூபாய் வாங்கியிருந்தார். மாதம் 1,500 ரூபாய் பிடித்தம். கடன் கொடுத்த மாதத்தையும் தொகையையும் தவணையையும் ஏற்றியவுடன், கடன் மூன்று மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டது என்று திரை காட்டியது. என் நோட்டிலோ இன்னும் 1,500 ரூபாய் பாக்கி இருந்தது. இயந்திரம்தான் தவறு செய்கிறது என்று எண்ணி மூன்று முறை ஏற்றிப் பார்த்தேன். கடைசியில் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். 11 தவணை முடிந்து பாக்கி 1,500 என்று எழுதியிருந்தேன். புதிய நோட்டுக்கு மாற்றும்போது, என் ஒன்றை நானே ஏழாகப் படித்து 7,500 என்று எழுதிவிட்டேன். அதன்பின் நான்கு மாதங்கள் பிடித்திருக்கிறோம். அவற்றில் ஒன்றுதான் நியாயமானது. 4,500 ரூபாய் அவருடைய பணம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் அல்பகறாவின் 282-ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமானது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. அந்த எழுத்தர் நான்தான்.

மறுநாள் சுபுஹு தொழுததும் பணத்தை எடுத்துக்கொண்டு மாஸ்டரின் வீட்டுக்குச் சென்றேன். விவரத்தைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. “தெரியும் ஹஜ்ரத். நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஹஜ்ரத் கையெழுத்துல இருக்கு, நான் எண்ணினதுதான் தப்பா இருக்கும்னு விட்டுட்டேன்” என்றார். பிறகு, குறை சொல்லும் குரலில் அல்லாமல், வேறு ஏதோ பேச்சைப் போலச் சொன்னார்: “ஒரு மாசம் மட்டும் கைமாத்து கெடைக்கல. பேத்தி ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கிட்டேன். அதுக்குத்தான் அல்லாஹ் மன்னிக்கணும்.”

வட்டியின் தீங்கைப் பற்றி அவர் முன்வரிசையில் அமர்ந்து கேட்க, நான் பலமுறை பயான் செய்திருக்கிறேன். எவ்வளவு வட்டி கட்டினீர்கள் என்று கேட்டேன். தொகையைச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். இன்று வரை சொல்லவில்லை.

இப்போது மாதந்தோறும் ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டு போகிறது. 7-ஆம் தேதிக்குள் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன நபிமொழியோடு ஒப்பிட்டால் இதுவும் தாமதம்தான். முன்பு 12, 13 என்று இழுத்துக்கொண்டிருந்தோம். சீட்டைப் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்கும் மாஸ்டர் இப்போது கேள்வியும் கேட்கிறார். “இஎஸ்ஐ-ன்னு 117 ரூபாய் போயிருக்கே, அது என்ன?” என்றார் ஒரு நாள். 15,600-க்கு முக்கால் சதவீதம் உங்கள் பங்கு, அதற்கு மேல் மூன்றேகால் சதவீதம், அதாவது 507 ரூபாய், முதலாளியின் பங்கு, இஎஸ்ஐ மருத்துவமனையில் உங்களுக்கும் வீட்டாருக்கும் சிகிச்சை உண்டு என்று விளக்கினேன். அவர் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. என் கையெழுத்தை நம்பியதைவிட இது நல்லது.

இன்னொரு பெயர் பாக்கியிருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்து மாவு பிசைந்த ஓர் இளைஞர், தந்தை இறந்த செய்தி கேட்டு ஒரே இரவில் ஊருக்குப் புறப்பட்டார். 11 நாள் சம்பளம், 5,500 ரூபாய். திரும்பி வந்து வாங்கிக்கொள்வார் என்று நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு மறந்திருந்தோம். வரவில்லை. குகையில் சிக்கிய மூவரின் செய்தி புகாரியில் வருகிறதே. கூலி வாங்காமல் போன ஆளுக்காக அதை வளர்த்துப் பெருக்கி, அவர் திரும்பி வந்த நாளில் மந்தையோடு ஒப்படைத்த முதலாளி அவர்களில் ஒருவர். மச்சானிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நாமளும் மாடு வாங்கணுமா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

உரியவர் கிடைக்கவே மாட்டார் என்றானால் அவர் பெயரில் தர்மம் செய்துவிடலாம் என்று மார்க்க அறிஞர்கள் கூறுவர். அந்த நிலைக்கு நாங்கள் இன்னும் வரவில்லை. அவர் கொடுத்திருந்த எண் இயங்கவில்லை. அவரோடு தங்கியிருந்தவர்களில் ஒருவர் இப்போது திருப்பூரில் இருப்பதாகத் தெரிந்து, அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் சம்பளம் போடும்போது 14 பெயர்களுக்குக் கீழே அவர் பெயரும் ‘நிலுவை 5,500’ என்று திரையில் வந்து நிற்கிறது. அந்த வரியை நீக்கிவிட ஒரு பொத்தான் இருக்கிறது என்று மச்சானின் மகன் காட்டினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.