கட்டுவிரியன் எனும் படகு

கடல் காணாத அந்தியூரில் வாழும் நாம் கட்டுவிரியன் பாம்பை நன்கறிவோம். 'கிரெயிட்' என்று அதன் பெயரையே ஒரு போர்க்காலப் படகு தாங்கியது.

1934-இல் ஜப்பானில் கட்டப்பட்ட மீன் படகு அது. 1943 செப்டம்பரில் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர் 14 பேர் அதிலேறி, ஜப்பானியர் வசமிருந்த சிங்கப்பூரை மறைவாக நெருங்கினர். அறுவர் சிறு தோணிகளிற் சென்று கப்பல்களில் வெடி பொருத்தினர். பதினால்வரும் உயிருடன் மீண்டனர்.

பழியோ, ஏதுமறியாதோர் மீது விழுந்தது. அக்டோபர் 10 முதல் சிங்கப்பூரில் 57 பேர் பிடித்து வதைக்கப்பட்டனர். 15 பேர் மாண்டனர்.

பின்னர் போர்னியோவில் மரத்தொழிலுக்கு உழைத்த படகு 1964-இல் ஆஸ்திரேலியா திரும்பியது. 2018-இல் போர்க்காலத் தோற்றத்திற்கே செப்பனிடப்பெற்றது.

மாணவர்க்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கால் நாம் வீரத்தோடு நிறுத்துவதில்லை. உளுத்த பலகையை மாற்றிவிடலாம். மாண்டோரை நினைவிலன்றி வேறெங்கே காப்பது?