அருந்ததி தெரியுதா?

கல்யாண மண்டபத்தில் பட்டப்பகல் 10 மணிக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் வாசலுக்கு அழைத்துப்போய், ''அதோ அருந்ததி! பார்த்தாச்சா?'' என்பார் சாஸ்திரிகள். ''பார்த்தாச்சு'' என்பார்கள் இருவரும், கூசாமல். தம்பதி சமேதராகச் சொல்லும் முதல் பொய்! சித்திரை, வைகாசி முகூர்த்தம் என்றால் அந்த நேரத்தில் அருந்ததி தொடுவானத்துக்குக் கீழே இருக்கும். சூரியனை அணைத்தாலும் தெரியாது.

நிஜமாகவே பார்க்கணுமா? ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி 9 மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் வடக்கே பாருங்கள். கவிழ்த்த சாம்பார் கரண்டி மாதிரி ஏழு நட்சத்திரங்கள். சப்தரிஷிகள். கரண்டிக் காம்பின் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல் மங்கலாக ஒரு புள்ளி. அதுதான் அருந்ததி.

அப்படியே கரண்டிக் கிண்ணத்தின் மறுகோடியில் உள்ள இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, கீழ்நோக்கி அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு போனால் துருவன். உங்கள் ஊர் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை உயரத்தில் நிற்பான். சென்னைக்கு 13. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் 10 டிகிரி. ஆக, ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. டெல்லியில் ஏறக்குறைய மூன்று முஷ்டி. டிசம்பர் ராத்திரிகளில் ரிஷிகள் லீவு. பதிலுக்கு அதே வடக்கில் 'எம்' எழுத்து மாதிரி காசியோபியா வந்து நிற்கும்.

எங்களுக்கு இந்தப் பாடமெல்லாம் கரண்ட் போன ராத்திரிகளில் மாடியில் ஜமக்காளம் விரித்து அப்பா நடத்தியது. பிறகு என் மகனுக்கும் நடத்தினார். ஒரு தடவை அவன், ''தாத்தா, அருந்ததி வசிஷ்டருக்கு எந்தப் பக்கம்?'' என்று கேட்டான். ''கொசு கடிக்குதுடா, கீழே போலாம்'' என்று எழுந்துவிட்டார்.

'அருந்ததி தெரியாதவனுக்கு ஆயுசு முடியப்போகுது' என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. மனிதருக்கு இரண்டு மாதமாகத் தெரியவில்லை. வாயே திறக்காமல், இன்ஷூரன்ஸ் பாலிசி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மட்டும் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறார். அம்மா அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

கண் டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்தார். ''புரை முத்தியிருக்கு. ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடும். ஆயுசுக்கெல்லாம் ஒண்ணும் இல்லே, பெரியவரே!''

அந்தக் கால அரேபியர்கள் இந்த ஜோடியை வைத்துத்தான் கண் பார்வையைச் சோதித்தார்களாம். நம்மவர்கள் அதையே ஆயுசுக் கணக்காக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் டெலஸ்கோப்பும் மற்ற கருவிகளும் சொல்வதைக் கேட்டால், வசிஷ்டர் ஒருவர் இல்லை, நான்கு நட்சத்திரம். அருந்ததிக்கும் ஒரு துணை இருப்பது 2009-ல் தெரிந்தது. சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கூட்டுக் குடும்பம்!

அடுத்த சித்திரையில் அப்பாவுக்கு அருந்ததி பளிச்சென்று தெரிந்தது. பேரனிடம் பக்கத்தையும் சரியாகச் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒருநாள் மாடிக்கு அழைத்துப் போங்கள். 'தெரியுதா?' என்று மட்டும் கேட்காதீர்கள், மாப்பிள்ளை மாதிரி 'தெரியுதே' என்றுவிடுவார்கள். 'எந்தப் பக்கம்?' என்று கேளுங்கள்.